ஏற்றத்தில் நிற்கும் வண்டி

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் காண வந்திருக்கும் உங்கள் முன்னர், ஏற்றத்தில் நின்றுவிடும் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசும்படி செயற்குழுவினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். நமது காலனியில் இப்பொழுது பழைய கார்கள் பெருகியிருக்கின்றன. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒருவர் ஓட்டிக் கழித்ததை மற்றொருவர் வாங்கிய வண்டிகள் அவை. விடுமுறை வந்தால் குழந்தைகளையும் வயதான பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் புறப்படுகிறோம். அந்த வண்டி கொண்டை ஊசி வளைவில் நின்றுவிடுமாயின் வீணாவது பணம் மட்டும் அன்று. உயிருக்கே அச்சம் உண்டு. ஆகவே இது குடும்பத்தார் அனைவரும் கேட்கத் தக்க பொருளே.

நான் மெக்கானிக் அல்லேன். மெட்ரிக் தேறி, ரயில்வே அலுவலகத்தில் பதிவேடுகளோடு பழகி வரும் குமாஸ்தா. ஆயினும் ரயில்வேயில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. எஞ்சினை ஓட்டி வந்த டிரைவர், வழியில் தாம் கண்ட குறையைப் பதிவேட்டில் எழுதுவார். அதைப் படித்த பின்னரே ஷெட்டில் உள்ளோர் திருகுகோலைக் கையில் எடுப்பர். நம் சொந்த வண்டி விஷயத்தில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. 'வண்டி நிற்கிறது' என்று இரண்டு சொற்களைச் சொல்லிப் பட்டறையில் விட்டுவிட்டு வருகிறோம். அவர்களும் ஊகத்தின் பேரில் ஒவ்வொரு பாகமாக மாற்றுகிறார்கள். பணம் கரைகிறது, நோய் தீருவதில்லை.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் மருத்துவனுக்கு ஒரு முறைமையைக் காட்டுகிறது. நோயை ஆராய வேண்டும். அதன் காரணத்தை ஆராய வேண்டும். தணிக்கும் வழியை ஆராய வேண்டும். அதன் பிறகே மருந்து. அம்முறை மோட்டார் பட்டறைக்கும் பொருந்தும். வண்டியைப் பிரிக்கும் முன் அது நின்ற விதத்தை எழுதிவைத்தால் வேலையில் பாதி முடிந்துவிடும். நான் சொல்ல வந்தது இவ்வளவே; ஏனையவை இதன் விளக்கம்.

நமது சாலைகள்

பாலக்காட்டிலிருந்து வாளையாறு வழியாகக் கோயம்புத்தூர் செல்லும் சாலையில் இக்குறை எளிதில் வெளிப்படாது. மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கும் கணவாய் அது. ஏற்றம் மிகச் சிறிது. ஆனால் நம்மில் பலருடைய உறவினர் மறையூரிலும் மூணாற்றிலும் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் தோட்டங்களில் வாழ்கிறார்கள். அவர்களைக் காணப் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியே ஏற வேண்டும். தேனிப் பக்கத்திலிருந்து வருவோர், போடிநாயக்கனூரைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறுகிறார்கள். கம்பத்திலிருந்து குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் ஏறுகிறார்கள். ஏலத் தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களை ஏற்றிய ஜீப்புகள் விடியற்காலையில் இவ்வழிகளில் வரிசையாக ஏறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

மூணாற்றிலும் ஒரு காலத்தில் இருப்புப்பாதை இருந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே என்பது அதன் பெயர். 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி, 1908இல் குறுகிய ரயில்பாதையாக மாறி, 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் அது அழிந்தது. தமிழகப் பக்கத்தில் 2023 ஜூன் 15 அன்று போடிநாயக்கனூருக்கு அகலப்பாதையில் ரயில் வந்தது. அதுவும் மலையடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் மோட்டாரே கதி. ஆதலின் ஏற்றத்தில் வண்டி நிற்பது என்பது எல்லைப்புறத் தமிழர்களாகிய நமக்கு அன்றாடக் கவலை.

மிதித்தால் நடப்பது யாது?

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பெட்ரோல் பாய்கிறது என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். பெட்ரோல் வண்டியில் நம் கால் திறப்பது காற்றின் கதவை. காற்று அதிகமாக உள்ளே புகும். அந்தக் காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோலை உடனே சேர்ப்பது வண்டியின் பொறுப்பு. கலப்பற்ற பெட்ரோல் 1 கிலோ முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இந்த விகிதம் பெரிதும் பிறழ்ந்தால் எஞ்சின் திணறும். மேலும் பிறழ்ந்தால் அணைந்துவிடும்.

எஞ்சினுக்கு வேண்டுவன நான்கு: காற்று, எரிபொருள், தக்க சமயத்தில் மின்பொறி, எரிந்த புகை வெளியேற வழி. இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் வண்டி நிற்கும்.

'வாசலில் நிறுத்தி ஸ்டார்ட் செய்தால் சீராக ஓடுகிறதே, மலையில் மட்டும் ஏன் நிற்கிறது?' என்று கேட்கலாம். காலனிக் குழாயில் அடைப்பு இருந்தாலும் ஒரு செம்பு நீர் நிரம்பிவிடும். கல்யாண வீட்டு அண்டாவை நிரப்ப முற்படும் நாளில்தான் அடைப்பு தெரியும். அவ்வாறே பெட்ரோல் பில்டரில் பாதி அடைப்பு இருந்தாலும் சும்மா நிற்கும் எஞ்சினுக்குப் போதிய பெட்ரோல் கிடைக்கும். ஏற்றத்தில் முழுப் பாரத்துடன் மிதிக்கும்போது தேவை பன்மடங்காகும். அப்பொழுது பற்றாக்குறை வெளிப்படும்.

மின்பொறிக்கும் இதே நியாயம் உண்டு. நன்றாக மிதிக்கும்போது சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் நெருக்கமாக அழுந்துகின்றன. அவ்வழுத்தத்தின் நடுவே பொறி பாய்வதற்கு உயர்ந்த மின்னழுத்தம் தேவை. தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும் நலிந்த இக்னிஷன் காயிலும் வாசலில் வேலை செய்யும், மலையில் கைவிடும். எனவே வாசலில் நிறுத்திச் செய்யும் சோதனையில் வண்டி தேறிவிட்டது என்பதற்காக அதைக் குற்றமற்றது என்று கொள்ளலாகாது.

உயரமும் தன் பங்கைச் செய்கிறது. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் உள்ள மூணாற்றில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ 15 சதவிகிதம் குறைவு. எஞ்சின் வலிமையும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறையும். இது பழுது அன்று, இயற்கை. இரண்டாம் கியரில் ஏற வேண்டிய இடத்தில் மூன்றாம் கியரிலேயே மிதித்துக்கொண்டிருந்தால் நல்ல வண்டியும் திணறும். ஏற்றம் தொடங்கும் முன்னரே கியரை இறக்குவது முதல் மருந்து. அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

ஆறு கேள்விகள்

இனி, நாம் கவனித்து எழுத வேண்டியவை எவை என்று பார்ப்போம். பட்டறையில் 'பிக்கப் இல்லை', 'மிஸ்ஸிங் அடிக்கிறது', 'கட் ஆகிறது' என்று மூன்று பேச்சு உண்டு. நாம் மூன்றையும் ஒன்றாகக் குழப்புகிறோம். அவை வேறு வேறு நோய்கள். வேகம் மந்தமாக ஏறுவது முதலாவது. குலுங்கிக் குலுங்கி ஓடுவது இரண்டாவது. அணைவது மூன்றாவது.

முதற்கேள்வி: வண்டி எப்படி அணைந்தது? விளக்கின் சுவிட்சை அமர்த்தியது போலத் திடீரென்று அணைந்ததாயின் மின்சாரப் பகுதியை முதலில் ஐயுற வேண்டும். தளர்ந்த ஒயர், ரிலே, இக்னிஷன் காயில், எஞ்சின் சுழற்சியை அறியும் கிராங்க் சென்சார் ஆகியவை அப்பகுதியைச் சேர்ந்தவை. எண்ணெய் வற்றிய அகல் போலத் திணறித் திணறி அணைந்ததாயின் எரிபொருளை முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது: எஞ்சின் குளிர்ந்திருந்ததா, சூடேறியிருந்ததா? நெடுநேரம் ஓடிச் சூடான பிறகே நின்று, ஆறியதும் மீண்டும் கிளம்புமாயின், சூட்டில் தளரும் சென்சாரோ காயிலோ பெட்ரோல் பம்போ காரணமாகலாம்.

மூன்றாவது: மிதித்த அக்கணத்திலேயே அணைந்ததா, நீண்ட நேரம் மிதித்து ஏறும்போது அணைந்ததா? தொட்ட கணத்திலேயே தடுமாறினால் காற்றின் அளவில் கோளாறு இருக்கலாம். காற்றை அளக்கும் சென்சார் அழுக்கேறியிருக்கலாம். காற்றுக் குழாயின் மடிப்பில் விரிசல் இருக்கலாம். மிதிக்கும்போது எஞ்சின் சற்றே அசைவதால் அவ்விரிசல் வாய் திறந்து, கணக்கில் வராத காற்று உள்ளே புகும். பழைய கார்புரேட்டர் வண்டியாயின், மிதித்தவுடன் ஒரு சொட்டு பெட்ரோலைப் பீய்ச்ச வேண்டிய சிறு பம்பின் ரப்பர்ச் சவ்வு கிழிந்திருக்கலாம். நீண்ட ஏற்றத்தில் மட்டும் வலுவிழந்தால் பில்டர் அடைப்பையும் பம்பின் நலிவையும் பார்க்க வேண்டும்.

நான்காவது: டாங்கியில் பெட்ரோல் எவ்வளவு? கடைசியாக நிரப்பியது எப்பொழுது? பெட்ரோல் குறைவாக இருந்தால் ஏற்றத்திலும் வளைவிலும் அது ஒரு புறம் ஒதுங்கி, உறிஞ்சும் வாய்க்கு எட்டாமல் போகலாம். இக்காலக் கார்களில் பம்பு டாங்கிக்குள்ளேயே இருக்கிறது. அதைக் குளிர்விப்பதும் அந்தப் பெட்ரோலே. எப்பொழுதும் அடிமட்டத்தில் ஓட்டுவோர் பம்பின் ஆயுளைக் குறைக்கிறார்கள்.

ஐந்தாவது: நின்ற பிறகு எவ்வளவு நேரத்தில் மீண்டும் கிளம்பியது? உடனேயா, பத்து நிமிடம் கழித்தா? இதன் பயனைச் சற்றுப் பின்னர் காண்போம்.

ஆறாவது: வேறு அடையாளம் ஏதேனும் உண்டா? முகப்புப் பலகையில் எஞ்சின் விளக்கு எரிந்ததா? கறுத்த புகை வந்தால் பெட்ரோல் மிகை. பெட்ரோல் நாற்றம் அடித்தால் கசிவு. அப்பொழுது வண்டியை ஓட்டவே கூடாது. வேகம் ஏற ஏற வலிமை குன்றி, புகைக் குழாயிலும் காற்று மெலிந்து வருமாயின், புகையைத் தூய்மை செய்யும் காட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைபட்டிருக்கலாம். மூச்சை உள்ளே இழுக்கலாம். வெளியே விட வழியில்லை என்னும் நிலை அது.

ஓர் உதாரணம்

நமது காலனி அன்பர் ஒருவரிடம் பத்தாண்டுகளுக்கு மேல் ஓடிய சிறிய பெட்ரோல் கார் இருந்தது. பாலக்காட்டுக்குள் ஒரு குறையும் இல்லை. மறையூர் ஏற்றத்தில் திணறி நின்றுவிடும். ஒரு பட்டறையில் பிளக்குகளை மாற்றினார்கள். மற்றொன்றில் பாட்டரியை மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில், வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டியையே மாற்ற வேண்டும் என்று பெருந்தொகை ஒன்றைச் சொன்னார்கள்.

அன்பருடைய துணைவியார் வீட்டுக் கணக்கு எழுதும் நோட்டில் பயணச் செலவையும் எழுதுபவர். அடுத்த இரு பயணங்களில், வண்டி நின்ற இடத்தையும் நேரத்தையும் அதே நோட்டில் குறித்துவந்தார். அதிலிருந்து மூன்று செய்திகள் புலப்பட்டன. இடைவிடாது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய பிறகே வண்டி நின்றது. கால் மணி நேரம் விட்டுவைத்தால் தானாகக் கிளம்பியது. உடுமலைப்பேட்டையில் பெட்ரோல் நிரப்பிய நாளில் மட்டும் மறையூர் வரை ஒரு தொல்லையும் இல்லை.

மூன்றாவது செய்தியே திறவுகோல். பெட்ரோல் நிரப்பும்போது டாங்கியின் மூடியைத் திறக்கிறோம் அல்லவா? டாங்கியிலிருந்து பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே செல்ல வேண்டும். அதற்கென ஒரு வழி உண்டு. அவ்வழி அடைபட்டால் டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பால் பெட்ரோலை இழுக்க முடியாது போகும். டப்பாவில் ஒரே ஒரு துளையிட்டு எண்ணெய் ஊற்றினால் விட்டு விட்டு வருவதை நம் தாய்மார்கள் அறிவார்கள். இரண்டாவது துளையிட்டால் சீராக ஒழுகும். மறுமுறை வண்டி நின்றபோது அன்பர் எஞ்சினை அமர்த்தி, மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று காற்று பலமாக உள்ளே இழுபட்டது. வண்டி அக்கணமே கிளம்பியது. பின்னர்ப் பார்த்ததில், காற்று செல்லும் குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதை அகற்ற மெல்லிய கம்பி ஒன்று போதுமானதாயிற்று.

மூடியைத் திறக்கையில் மெல்லிய ஓசை எழுவது இயல்பு. பலத்த உறிஞ்சலே குறையின் அடையாளம். மேலும், இதே அறிகுறியைக் காட்டும் வேறொரு நோயும் உண்டு. டாங்கியின் அடியில் சேர்ந்த கசடு, பம்பின் வலையில் ஒட்டி வழியை அடைக்கும். வண்டி நின்றதும் கசடு மெல்ல உதிரும். சற்று நேரத்தில் வண்டி கிளம்பும். இரண்டையும் பிரித்தறிவது எளிது. மூடியைத் திறந்தவுடன் கிளம்பினால் காற்றுவழி அடைப்பு. மூடியைத் திறந்தும் பலனின்றிக் காத்திருந்த பிறகே கிளம்பினால் வலையில் கசடு. ஐந்தாம் கேள்வியின் பயன் இதுவே.

பழுதுபார்க்கும் வரிசை

செலவு குறைந்ததிலிருந்து செலவு மிகுந்ததை நோக்கிச் செல்வதே முறை. முதலில் கண்ணால் காணக் கூடியவை: பெட்ரோல் அளவு, டாங்கி மூடி, காற்று பில்டர், காற்றுக் குழாய், பாட்டரி முனைகள், எஞ்சினிலிருந்து வண்டியின் உடலுக்குச் செல்லும் எர்த் ஒயர். இவற்றைப் பார்க்க அரை மணி நேரம் போதும்.

அடுத்து, எஞ்சின் விளக்கு எரிந்திருப்பின் ஸ்கேனர் கருவியை மாட்டி, வண்டி பதிந்துவைத்திருக்கும் குறியெண்ணைப் படிக்க வேண்டும். இங்கு ஓர் எச்சரிக்கை. குறியெண் சாட்சியின் வாக்குமூலமே; தீர்ப்பு அன்று. 'காற்று மிகை' என்று ஒரு சென்சார் கூறினால் அந்தச் சென்சாரே கெட்டுவிட்டது என்பது பொருளன்று. பெட்ரோல் குறைவதை அது உண்மையாகவே அறிவித்திருக்கலாம். உண்மை சொன்ன சாட்சியைத் தண்டித்து, குற்றவாளியை விட்டுவிடும் கதை பட்டறைகளில் நாள்தோறும் நடக்கிறது.

மூன்றாவதாகப் பெட்ரோல் அழுத்தத்தை அளக்க வேண்டும். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் கார்கள் பலவற்றில் அது ஏறத்தாழ 3 பார் இருக்கும். சரியான அளவை அந்தந்த வண்டியின் கையேடு கூறும். அதை நிற்கும் வண்டியில் மட்டுமன்றி, மிதிக்கும்போதும் அளந்தால்தான் பம்பின் நலிவு தெரியும். இது பட்டறையில் தேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. அழுத்தம் நிறைந்த பெட்ரோல் குழாயைச் சூடான எஞ்சின் அருகே நாமே கழற்றுவது தீயை வரவழைப்பதாகும். நான்காவதாகப் பிளக்கும் காயிலும். ஐந்தாவதாகப் புகை வழி. இவை அனைத்தும் கடந்த பிறகே கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் பழி சுமத்தலாம்.

பழைய வண்டியும் புதிய வண்டியும்

அம்பாசிடர் காலத்தில் பாலக்காட்டு வெயில் பெயர் பெற்ற எதிரி. பங்குனி, சித்திரையில் இங்கு 40 பாகை செல்சியசைத் தாண்டுவது உண்டு. அக்காலப் பெட்ரோல் பம்பு எஞ்சினோடு ஒட்டியிருந்தது. சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி, ஆவிக் குமிழ் வழியை மறிக்கும். டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றி ஓட்டினார்கள். இக்காலக் கார்களில் டாங்கிக்குள் உள்ள பம்பு அழுத்தத்தோடு தள்ளுவதால் அத்தொல்லை பெரிதும் ஒழிந்தது. 2000ஆம் ஆண்டில் புகைக் கட்டுப்பாடு கடுமையானதை ஒட்டி நம் நாட்டுக் கார்களிலிருந்து கார்புரேட்டர் படிப்படியாக விடைபெற்றது. வழிகள் மாறின, எஞ்சினின் நான்கு தேவைகள் மாறவில்லை.

இப்பொழுது பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பது. பழைய ரப்பர்க் குழாய்கள் சிலவற்றை நலிவிப்பது. டாங்கியில் படிந்த கசட்டைக் கரைத்துப் பில்டருக்கு அனுப்பக் கூடியது. ஆகவே பழைய கார் வைத்திருப்போர் ரப்பர்க் குழாய்களையும் பில்டரையும் தவறாமல் பார்த்துவர வேண்டும்.

டீசல் ஜீப்புக்கு மின்பொறி வேண்டியதில்லை. அது ஏற்றத்தில் நின்றால் டீசல் பில்டரில் நீர் சேர்ந்திருக்கிறதா, குழாயில் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'ஏர் பிடித்துவிட்டது' என்று டிரைவர்கள் சொல்வது இதையே. கைப் பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றினால் வண்டி கிளம்பும். ஆனால் காற்று புகுந்த இடத்தைக் கண்டு அடைக்காவிடில் அடுத்த வளைவிலும் நிற்கும்.

சில சமயம் குறை தயாரிப்பிலேயே இருப்பதும் உண்டு. 2024 அக்டோபரில் ஹோண்டா நிறுவனம் நம் நாட்டில் விற்ற பழைய மாடல் கார்களில் 90,000க்கு மேற்பட்டவற்றைப் பெட்ரோல் பம்பை இலவசமாக மாற்றித் தருவதற்காகத் திரும்ப அழைத்தது. பம்பினுள் சுழலும் பாகத்தின் குறையால் எஞ்சின் நின்றுவிடக் கூடும் என்பதே காரணம். இத்தகைய அறிவிப்பு நம் வண்டிக்கும் உண்டா என்பதைச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவனத்தாரிடம் கேட்டறியலாம். பழைய வண்டி வாங்குவோர் இதை முதலில் கேட்பது நன்று.

நின்ற இடத்தில் செய்ய வேண்டுவன

ரயில் நடுவழியில் நின்றுவிட்டால் பழுது பார்ப்பது முதல் வேலை அன்று. நின்ற ரயிலைக் காப்பதே முதல் வேலை. அகலப்பாதையில் 600 மீட்டரில் ஒன்றும், 1200 மீட்டரில் மூன்றும் டெட்டனேட்டர்களைத் தண்டவாளத்தில் வைத்துப் பின்வரும் வண்டியை எச்சரிக்கும்படி பொது விதிகள் கூறுகின்றன. மலைச் சாலையிலும் அந்த அறிவு வேண்டும்.

எஞ்சின் அணைந்ததும் ஸ்டியரிங் கனக்கும். கலங்க வேண்டாம், பலமாகத் திருப்பினால் திரும்பும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிப்புக்கே போதும். ஆதலால் மீண்டும் மீண்டும் மிதிக்காமல், ஒரே மிதிப்பாக அழுத்திப் பிடித்து நிறுத்த வேண்டும். கைப் பிரேக்கை இழுத்து, முதல் கியரில் போட்டு, சக்கரத்தின் பின்னால் கல் வைக்க வேண்டும். நான்கு விளக்குகளும் மின்னட்டும். வளைவாயின், எச்சரிக்கை முக்கோணத்தை வளைவுக்கு அப்பால், வருவோர் கண்ணுக்கு முன்கூட்டியே படும் இடத்தில் வைக்க வேண்டும். குழந்தைகளை இறக்கி, மலைச்சரிவுப் பக்கமாக, சாலையை விட்டு விலக்கி நிறுத்துங்கள். சின்னாற்றுக் காட்டுப் பகுதியாயின் யானை நடமாட்டம் உண்டு. வண்டியை விட்டுத் தூரம் செல்லலாகாது.

வண்டி கிளம்பும்போது, வைத்த கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுச் செல்லுங்கள். மலைச் சாலையின் நடுவே கல்லை விட்டுச் செல்வது, இரவில் பின்னால் வரும் முன்பின் அறியாத ஒரு குடும்பத்துக்கு நாம் வைத்த கண்ணி ஆகும். குறுகிய மலைச் சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. இறங்குவோர் இதை மதித்தால், பலவீனமான வண்டியைப் பாதி ஏற்றத்தில் நிறுத்த நேராது.

நிறைவு

அன்பர்களே! உங்கள் வண்டியில் இன்றே ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வையுங்கள். ஆறு பத்திகள் போதும்: நாளும் நேரமும், இடமும் ஏற்றமும், எஞ்சினின் சூடு, டாங்கியில் பெட்ரோல், அணைந்த விதம், மீண்டும் கிளம்பிய நேரம். ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். எழுதுவது அருகில் அமர்ந்திருப்பவர் கடமை. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளிடம் இப்பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் நம்மைவிடக் கூர்மையாகக் கவனிப்பார்கள்.

பட்டறைக்குச் செல்லும்போது அந்த ஏட்டை மெக்கானிக்கிடம் படித்துக் காட்டுங்கள். அவரை ஐயுறுவதற்காக அன்று, அவருக்கு உதவுவதற்காக. எல்லைப்புறப் பட்டறைகளில் கையில் எண்ணெய்க் கறையோடு நிற்கும் தம்பிமார் பலர், ஓசையைக் கேட்டே நோயைச் சொல்லும் திறமை வாய்ந்தவர்கள். ஆயினும் மறையூர் ஏற்றத்தில் எழுந்த ஓசையைப் பாலக்காட்டில் இருந்துகொண்டு அவர்கள் கேட்க இயலாது. அதைக் கேட்டவர்கள் நாம். கேட்டதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியவர்களும் நாமே.